டிராக்டர் ஹெட் கேஸ்கட் மாற்றுதலும் கியர் பெட்டிப் பராமரிப்பும்

பழைய டிராக்டர் வைத்திருக்கும் உழவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாசகம், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுங்க" என்பது. எந்த எஞ்சினும் ஒரே நாளில் கெடுவதில்லை. பல நாட்களாக அது அடையாளம் காட்டிக்கொண்டே இருக்கும். அவற்றுள் முதன்மையானது ரேடியேட்டரில் தண்ணீர் குறைவது.

சில ஆண்டுகளுக்கு முன், குறுவைக்குத் தொளி கலக்கும் சமயத்தில் தஞ்சைப் பகுதியில் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். அங்கு ஒரு சிறு விவசாயி, கடன் பெற்று வாங்கிய பழைய 35 குதிரைத்திறன் டிராக்டரில் தம் நிலத்தையும் உழுது, அக்கம்பக்கத்திற்கு வாடகைக்கும் ஓட்டி வந்தார். ரேடியேட்டரில் நாளுக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. வெளியில் எங்கும் ஒழுக்கு இல்லை. ஒப்புக்கொண்ட உழவை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நான்கு நாட்கள் அப்படியே ஓட்டினார். ஐந்தாம் நாள் எஞ்சின் அடியில் தட்டும் சத்தம் கேட்டது. எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தபோது ஆயில் மோர் போல இருந்தது. ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் எண்ணெயில் இறங்கி, பேரிங்குகள் தேய்ந்து, கிராங்க் தண்டையும் கெடுத்துவிட்டது. சில நூறு ரூபாய்க் கேஸ்கட்டுடன் போயிருக்க வேண்டிய வேலை, எஞ்சினையே பிரிக்கும் வேலையாயிற்று. அந்தக் குறுவைப் பருவத்தின் வாடகை வருமானம் முழுவதும் பட்டறைக்குப் போயிற்று.

"கேஸ்கட் மட்டும் அன்னிக்கே மாத்தியிருந்தா போதுங்களா ஐயா?" என்று அவர் கேட்டார். போதாது என்பதே உண்மை. கேஸ்கட் தானாக எரிவதில்லை. அதை எரித்த காரணத்தை நீக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் எரியும்.

அடையாளங்கள்

சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள தகடே ஹெட் கேஸ்கட். எரிவாயுவின் அழுத்தம், குளிர்விக்கும் நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது இதன் வேலை. எந்த இரண்டுக்கு நடுவே தடுப்பு போயிற்றோ அதற்கேற்ப அடையாளம் தெரியும். நீரும் எண்ணெயும் கலந்தால் ஆயில் வெளுக்கும். எரிவாயு நீரில் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும். நீர் சிலிண்டரில் இறங்கினால் சூடான பிறகும் வெண்புகை நிற்காது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களுக்கு நடுவே எரிந்தால் இழுவை குறையும், காலையில் எஞ்சின் எளிதில் பிடிக்காது. ஆனால் தண்ணீர் ஒரு சொட்டும் குறையாது. இது பலரை ஏமாற்றிவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, நிரம்ப நீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வரும் ஒன்றிரண்டு குமிழிகள் உள்ளே சிக்கிய காற்று. நிற்காமல் கொதிப்பது போல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட்டையோ, விரிசல் விட்ட ஹெட்டையோ சந்தேகிக்கலாம். சூடான எஞ்சினில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது. முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் சிறிது வெண்மை தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது குளிர்காலக் காலைகளில் படியும் ஈரம். அளவுக் கம்பியிலேயே வெண்மை தெரிந்தால்தான் எஞ்சினை அக்கணமே நிறுத்த வேண்டும்.

கழற்றும் முறை

ஓரளவு கருவிப் பழக்கம் உள்ள உழவர், துணைக்கு ஓர் ஆளுடன், நிழலான தூசியற்ற இடத்தில் இரண்டு நாளில் இதைச் செய்ய முடியும். அந்த மாடலுக்குரிய கையேடு கையில் இருப்பது அவசியம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாட்டரியின் எர்த் இணைப்பை எடுத்துவிட வேண்டும். ரேடியேட்டர் நீரை மட்டுமின்றி, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள குழாயையும் திறந்து நீரை வடிக்க வேண்டும். இதை மறந்தால் ஹெட்டைத் தூக்கும்போது மீதி நீர் சிலிண்டருக்குள் கொட்டும்.

டீசல் குழாய்களைக் கழற்றியவுடன் முனைகளைச் சுத்தமான துணியால் கட்டிவிட வேண்டும். ஒரு மணல் துகள் போதும், இன்ஜெக்டரைக் கெடுக்க. ராக்கர் தண்டை எடுத்தபின் புஷ் ராடுகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் திருகித் தூக்கி, அட்டைப் பெட்டியில் துளையிட்டு எண் எழுதி அதே வரிசையில் செருகி வைக்க வேண்டும். ஹெட் நட்டுகளை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே தொட வேண்டும். இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, முதல் சுற்றில் கால் திருப்பம் வீதம் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் கழற்றிவிட்டு மறுபக்கம் போனால் ஹெட் வளையும். ஒட்டிக்கொண்டு வராத ஹெட்டை ஸ்க்ரூ டிரைவர் செருகி நெம்பக் கூடாது. மரச் சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் விடும். வார்ப்பிரும்பு ஹெட் கனமானது. இருவர் சேர்ந்து நேராகத் தூக்க வேண்டும்.

சில எஞ்சின்களில் லைனரின் வெளிப்புறத்தை நீர் நேரடியாகத் தொட்டிருக்கும். இவற்றில் ஹெட் இல்லாத நிலையில் எஞ்சினைச் சுற்றினால் லைனர் மேலெழும்பி நீர் சம்புக்குள் இறங்கிவிடும். ஆகவே லைனர்களை வாஷரும் நட்டும் போட்டுப் பிடித்து வைத்த பிறகே சுற்ற வேண்டும்.

பழைய கேஸ்கட்டைப் படியுங்கள்

பெரும்பாலோர் பழைய கேஸ்கட்டைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். நோயின் காரணம் அதில்தான் எழுதியிருக்கிறது. இரு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள குறுகிய பாலத்தில் கரி படிந்து தின்றிருந்தால், அங்கே இறுக்கம் போதவில்லை, அல்லது ஹெட் வளைந்திருக்கிறது. நீர்த் துளையைச் சுற்றித் துரு ஓடி, தகடு அரித்திருந்தால் குளிர்விக்கும் நீர் சரியில்லை. எல்லாச் சிலிண்டர்களையும் சுற்றி ஒரே சீராகக் கருகி நொறுங்கினால் எஞ்சின் பலமுறை அதிகச் சூடேறியிருக்கிறது. அப்படியானால் வைக்கோல் தூசு அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீரால் உள்ளே படிந்த காரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் சூடு வராது என்று அதைக் கழற்றி எறியும் பழக்கமும் நம்மிடம் உள்ளது. போதிய சூடு பெறாத டீசல் எஞ்சின் சீக்கிரம் தேய்கிறது என்பதே கண்ட பலன்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பழைய கேஸ்கட்டுகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கும். அதன் தூள் மூச்சில் போனால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம். ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ, கம்பி பிரஷ் போடுவதோ, காற்றடித்து ஊதுவதோ கூடாது. நீரால் நனைத்து ஊறவைத்துச் சுரண்டி, ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும்.

பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்யுமுன் சிலிண்டர்களையும் எண்ணெய்த் துளைகளையும் துணியால் அடைக்க வேண்டும். மரம் அல்லது பித்தளைச் சுரண்டியே போதும். உப்புத்தாள் தேய்த்தால் அதன் பொடி சிலிண்டருக்குள் விழுந்து ரிங்குகளை அரிக்கும். போல்ட் இறங்கும் குருட்டுத் துளைகளில் எண்ணெயோ நீரோ தங்கியிருந்தால் துணித்திரி விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். திரவம் நசுங்காது. இறுக்கும்போது பிளாக்கே வெடிக்கும்.

பிறகு நேரான எஃகு அளவுகோலை ஹெட்டின் நீளவாட்டிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி பார்க்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்புவது நல்லது. இதற்கும் எல்லை உண்டு. டீசல் எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மேல் சீவினால் வால்வு பிஸ்டனில் மோதும்.

புதிய கேஸ்கட்டும் இறுக்கமும்

புதிய கேஸ்கட்டைப் பழையதன் மேல் வைத்து ஒவ்வொரு துளையையும் ஒப்பிட வேண்டும். 'மேல்' என்று பொருள்படும் 'டாப்' குறி இருந்தால் அது மேற்புறம் வர வேண்டும். கிரீஸும் ஷெல்லாக்கும் பூசுவது பல மெக்கானிக்குகளின் வழக்கம். கையேட்டில் சொல்லியிருந்தால் அன்றி எதையும் பூச வேண்டாம். டாப்பட் மூடி, வாட்டர் பம்பு போன்றவற்றுக்குக் கேஸ்கட் காகிதத்தை வைத்து உருண்டைத் தலைச் சுத்தியால் ஓரங்களில் மெல்லத் தட்டி வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். ஹெட் கேஸ்கட்டை மட்டும் அவ்வாறு செய்ய இயலாது.

நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். டார்க் ஸ்பானர் இன்றி, சாதாரண ஸ்பானரில் குழாய் மாட்டிக் கை உணர்வால் இறுக்குவது சூதாட்டம். டார்க் ஸ்பானர் விலை கூடுதல்தான். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

டார்க் ஸ்பானர் இருந்தும் நான் ஒருமுறை தவறு செய்தேன். கையேட்டில் 60 என்று கண்டு, ஸ்பானரை 60-இல் வைத்து, பயிற்சிக்கு வந்த இருபது உழவர்கள் முன்னிலையில் பெருமையாக இறுக்கிக் காட்டினேன். கையேட்டின் 60 அடி-பவுண்டு. ஸ்பானரின் 60 நியூட்டன்-மீட்டர். 60 அடி-பவுண்டு என்பது சுமார் 81 நியூட்டன்-மீட்டர். ஆக, வேண்டிய இறுக்கத்தில் முக்கால் பங்குதான் கொடுத்திருந்தேன். அந்தக் கேஸ்கட் ஒரு மாதம் கூட நிற்கவில்லை. செலவை நானே ஏற்றேன். அதற்குப் பின் அளவின் பெயரைப் படிக்காமல் எண்ணைப் படிப்பதில்லை. கிலோகிராம்-மீட்டரில் அளவு இருந்தால், 1 கிலோகிராம்-மீட்டர் 7.23 அடி-பவுண்டுக்குச் சமம்.

இறுக்கிய பின் டாப்பட் இடைவெளியைக் கையேட்டு அளவுப்படி வைத்து, இன்ஜெக்டர்களுக்குப் புதிய செம்பு வாஷர் போட்டு, டீசல் பாதையில் காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் ஃபில்டரில், பிறகு பம்பில், கடைசியாக இன்ஜெக்டர் குழாய்களில். ஆயிலில் நீர் கலந்திருந்தால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது. கேஸ்கட் அமுங்கிப் படிவதால், பழைய வகை எஞ்சின்களில் சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். எப்போது, சூட்டிலா குளிர்ந்தா என்பதைக் கையேடு சொல்லும். மறு இறுக்கத்துக்குப் பின் டாப்பட் இடைவெளி மாறும். மீண்டும் பார்த்துவிட வேண்டும்.

ஹெட்டில் விரிசல், லைனர் அமிழ்ந்திருத்தல், டீசல் பம்புக் கோளாறு ஆகியவை வீட்டில் செய்யும் வேலைகள் அல்ல.

கியர் பெட்டி

எஞ்சினுக்குக் காட்டும் கவனத்தில் பாதியைக் கூட நாம் கியர் பெட்டிக்குக் காட்டுவதில்லை. சேற்றுழவு செய்யும் டிராக்டரில் கியர் ஆயிலின் எதிரி தண்ணீர். தேய்ந்த ஆயில் சீல், சேறு அடைத்த காற்றுத் துளை, கியர் கம்பியின் கிழிந்த ரப்பர் உறை ஆகியவற்றின் வழியே நீர் உள்ளே போகும். மாஸி பெர்குசன் 35 வகை டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். நீர் புகுந்தால் மூன்றும் சேர்ந்து கெடும்.

தொளி வேலை நடக்கும் நாட்களில் வாரம் ஒருமுறை, இரவு முழுவதும் நின்ற டிராக்டரின் வடிகால் பிளக்கைக் காலையில் எஞ்சினை ஓட்டுமுன் சற்றே தளர்த்திப் பார்க்க வேண்டும். நீர் கனமானதால் அடியில் தங்கி முதலில் வெளிவரும். நல்ல ஆயில் வந்ததும் மூடிவிடலாம். ஆயிலே வெளுத்திருந்தால் காலக்கெடு பார்க்காமல் மாற்ற வேண்டும். பழைய ஆயிலை வேலை முடிந்த சூட்டோடு வடிப்பது நல்லது. பிளக்கில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். விரலில் உறுத்தும் இரும்புச் சில்லுகள் பல் உடைந்ததற்கு அடையாளம். எஞ்சினில் வடித்த கழிவு ஆயிலைக் கியர் பெட்டியில் ஊற்றும் சிக்கனம் வேண்டாம். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள மாடல்களுக்கு அதற்கென்றே குறிப்பிட்ட ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் பிளேட்டையும் பேரிங்கையும் தின்றுவிடும். பெடலின் விளையாட்டு இடைவெளியை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. ஒழுகும் ஆயில் பிளேட்டில் படாமல் கீழே வடிவதற்காக வைத்தது அது. சேற்றில் இறங்குமுன் சில மாடல்களில் இதற்குப் பிளக் போடச் சொல்வார்கள். உழவு முடிந்து கரையேறியதும் அந்தப் பிளக்கை எடுத்துவிட வேண்டும். நான் பார்த்த டிராக்டர்களில் பலவற்றில் அது ஆண்டு முழுவதும் அடைத்தபடியே இருந்தது. உள்ளே தேங்கிய ஆயிலில் கிளட்ச் பிளேட் ஊறிக்கொண்டிருந்தது.