இரணைமடு நீரும் தாமதத்தின் தோற்றுவாயும்

பொதுக் கட்டுமானத் திட்டங்கள் காலந்தாழ்த்தி முடிவதற்குக் காரணங் கூறுவோர் கேள்விப்பத்திர நடைமுறை, ஒப்பந்தகாரரின் திறமையின்மை, மழை, நிதித் தட்டுப்பாடு ஆகியவற்றையே பெரும்பாலும் எடுத்துரைப்பர். போருக்குப் பிந்திய வன்னியில் கண்ணிவெடி அகற்றலும் இவற்றோடு சேரும். இவை பொய்யல்ல. ஆயின், இவை யாவும் வேலை நடைபெறும்போது தோன்றும் தடைகள். கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்னரே வேர்கொள்ளும் தாமதம் ஒன்றுண்டு. அதனை விளங்கிக்கொள்வதற்கு இரணைமடு தக்க சான்றாகும்.

கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கப்பட்ட இக்குளவேலை முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. பின்னர் அணைக்கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. 2010 நவெம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு 90 மில்லியன் டொலர் கடனை அங்கீகரித்தது. இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கனமீற்றர் நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. குடாநாட்டின் தேவை ஐயத்துக்கிடமற்றது. அங்குள்ள சுண்ணக்கல் நிலத்தடி நீர் ஒருபுறம் உவர் ஏறியும், மறுபுறம் பசளையாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்தும் கெட்டு வந்துள்ளது.

பொறியியலாளரின் கணக்கு எளிது. நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தினால் குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 131 மில்லியன் கனமீற்றரிலிருந்து 148 மில்லியனாகும். குடாநாட்டுக்கு வேண்டியதோ ஆண்டுக்குப் பத்து மில்லியனிலும் குறைவு. எனவே கமக்காரருக்கு இழப்பில்லை என்பது அவர்தம் முடிபு.

கமக்காரரின் கணக்கு வேறு. கொள்ளளவு பெருகுவதால் மழை பெருகுவதில்லை. குளம் வான் பாயாத ஆண்டில் அவ்விரண்டடியும் வெற்றிடமே. குழாயோ நாள்தோறும் தன் பங்கைக் கேட்கும். அப்பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 ஏக்கர் அடி. சிறுபோக நெல்லுக்கு ஏக்கரொன்றுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் அடி நீர் வேண்டும் எனக் கொண்டால், அது 1,600 முதல் 2,000 ஏக்கர் வரையிலான விளைச்சலுக்குச் சமம். காலபோகத்துக்கு வானம் கைகொடுக்கும். சிறுபோகமோ குளத்தையே நம்பியது. எஞ்சிய நீரைப் பார்த்தே அதன் விதைப்புப் பரப்புக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். பரப்புச் சுருங்குமிடத்து முதலில் இழப்போர் வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளோரும், அக்கூட்டத்தில் இடமேயில்லாத கூலி விவசாயிகளுமாவர்.

கமக்காரரின் எதிர்ப்பைப் பிரதேசவாதம் என ஒதுக்கியோர் இந்த வர்க்க அடிப்படையை நோக்கத் தவறினர். வறட்சி ஆண்டில் எவர் விட்டுக்கொடுப்பது, விட்டுக்கொடுப்போருக்கு ஈடு என்ன என்பன கடனுக்கு முன்னரே பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டியவை. அவை தீராமையால் திட்டமே நின்றது. 2013இல் தெரிவான வட மாகாண சபையிலும் இவ்விணக்கமின்மை எதிரொலித்தது. இறுதியில் நீர்மூலம் குளத்திலிருந்து கடலுக்கு மாற்றப்பட, வடமராட்சி கிழக்கின் கடற்றொழிலாளர் தம் தொழில் பற்றி அஞ்சி எதிர்த்தனர். 2017இல் மேலதிகக் கடன் பெறப்பட்டது. அதன்பின் பெருந்தொற்று, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை இடைநிறுத்தியது. தாழையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரவல்ல நிலையம் திறக்கப்பட்டபோது 2024 ஓகஸ்ட் ஆகிவிட்டது.

இதனிடையே, வேளாண்மை வளர்ச்சிக்கான சர்வதேச நிதியத்தின் கடனுதவியுடன் அணைக்கட்டு உயர்த்தப்பட்டு 2018 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. (அதே மாதப் பிற்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியமை, ஆண்டுச் சராசரியை நம்பிக் கணக்கிடுவோர் மனங்கொள்ளத்தக்கது.)

கடல்நீரிலிருந்து ஒரு கனமீற்றர் நன்னீர் பெறக் குறைந்தது மூன்று அலகு மின்சாரம் செல்லும். தாழையடி நிலையம் முழு அளவில் இயங்கின் நாளொன்றுக்கு 72,000 அலகு. குளத்துநீரை நம்பி வகுக்கப்பட்ட முதற்றிட்டத்தில் இச்செலவுக்கு இடமிருக்கவில்லை.