குடுவைக்குள் ஒரு மலைமரம்

திருவல்லிக்கேணிக் கடற்கரையோரம், மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. நம்மூர்ச் செடிகொடிகளுக்குள் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே அவர் வேலை. பிறகு பம்பாய் சிபா ஆய்வு மையத்துக்குப் போனார். அங்கிருந்து 1972இல் சக ஆய்வாளர் விஸ்வநாதனுடன் சேர்ந்து ஒரு செய்தி சொன்னார்: மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறுமரத்தில் கேம்டோதெசின் என்ற புற்றெதிர்ப்புச் சரக்கு இருக்கிறது. மரத்தின் பெயர் நோதபோடைட்டீஸ். பூ நாறும், மருந்துக்கு அதனால் குறைவில்லை.

கேம்டோதெசினை வேதியியலாளர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும் 1966இல் ஒரு சீன மரத்திலிருந்து ஏற்கெனவே பிரித்திருந்தார்கள். செல் பிரியும்போது டிஎன்ஏ முறுக்கிக்கொள்ளும். அதைத் தளர்த்த ஒரு நொதி இழையை வெட்டி, மறுபடி ஒட்டும். வெட்டிய பின் ஒட்டவிடாமல் கேம்டோதெசின் குறுக்கே புகுந்துகொள்கிறது. ஓயாமல் பெருகும் புற்றுச் செல்லுக்கு அது சாவு. கேம்டோதெசினை அடிப்படையாகக் கொண்டவைதான் டோபோடெகன், இரினோடெகன் மருந்துகள்.

சிக்கல், ஒரு டன் கேம்டோதெசினுக்கு ஏறத்தாழ ஆயிரம் டன் செடிப்பொருள் வேண்டும் என்பது. காடு தாங்காது.

சென்னை ஐஐடியில் ஸ்மிதா ஸ்ரீவஸ்தவா, கார்த்திக் ராமன் ஆகியோர் மண்டி ஐஐடி ஆய்வாளர்களோடு சேர்ந்து நோதபோடைட்டீஸ் மரத்தை விட்டுவிட்டு அதன் செல்களைக் குடுவையில் வளர்த்தார்கள். ஆனால் குடுவைச் செல் சோம்பேறி. மருந்தை மிகக் குறைவாகவே சுரக்கும். எந்த மரபணுவைத் தூண்டுவது? ஏதோ ஒன்றைத் தூண்டினால் போதாது. சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் நாளில் பாரதி சாலையை ஏதோ ஓர் இடத்தில் அகலப்படுத்தினால் நெரிசல் அடுத்த முனைக்கு நகரும், அவ்வளவுதான். அதனால் செல்லின் வேதிவினைகள் முழுவதையும் முதலில் கணினியில் வரைந்து, எது உண்மையான முட்டுக்கட்டை என்று தேடினார்கள். கணினி காட்டியவற்றில் ஒன்று ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸ் என்ற நொதி. அதன் மரபணுவைக் கூடுதலாக இயங்கவைத்தபோது கேம்டோதெசின் ஐந்து மடங்கு வரை ஏறியது. 2023இல் வெளியான முடிவு இது. நம் வீட்டு நித்தியகல்யாணி வின்பிளாஸ்டின் செய்வதும் இதே நொதியின் வழியாகத்தான்.

ஐந்து மடங்கு என்றதும் துள்ளவேண்டாம். தொடக்க அளவே சொற்பம். செடிச் செல் மெதுவாகப் பெருகும், வேகமாகக் கலக்கினால் உடையும், ஒரு பாக்டீரியா நுழைந்தால் தொட்டி மொத்தமும் பாழ். இருந்தும் பாக்ளிடாக்சல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தை ஜெர்மனியில் இப்படிப் பெருந்தொட்டிகளில் வணிக அளவிலேயே செய்கிறார்கள்.