ஆற்றங்கரையில் ஒரு பனிக்கட்டிச் சுவர்

நாகலாபுரம் கரிசல் சீமையைச் சேர்ந்த ஊர். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பொய்த்தால் பருத்தியும் கம்பும் கருகிப் போகும். அப்பேர்ப்பட்ட இடத்தில் நதியைப் பற்றிப் பேசலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். தாராளமாகப் பேசலாம்! அந்தப் பக்கத்துக்கும் ஒரு நதி உண்டு. மேற்கு மலையில் பிறந்த வைப்பாறு சாத்தூர்ப் பட்டணத்தைத் தொட்டுக்கொண்டு, விளாத்திகுளம் வழியாக மன்னார் வளைகுடாவை அடைகிறது. வருஷத்தில் பெரும்பகுதி அதில் ஜலத்தைவிட மணலே அதிகம். வறண்ட நதியின் துரதிருஷ்டம் என்னவென்றால், அது நதி என்பதே ஜனங்களுக்கு மறந்துவிடுகிறது. மறந்த இடத்தில்தான் ஊர்க் குப்பை வந்து விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. நாகலாபுரம் மதுரகவி பாஸ்கரதாஸ் வாழ்ந்த ஊர். ராட்டையும் கதரும் பாமர மக்களின் நெஞ்சில் இடம் பிடித்தது பத்திரிகைத் தலையங்கங்களால் மட்டுமா? அவர் இயற்றிய பாட்டுக்கள் நாடகக் கொட்டகைகளில் முழங்கின. 1931-ல் வெளிவந்த 'காளிதாஸ்' பேசும் படத்திலும் புகுந்தன. கலை வீதிக்கு வந்தால் என்ன செய்யும் என்பதை நாகலாபுரத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதே உபாயத்தை நதிகளின் விஷயத்திலும் சிலர் கையாண்டிருக்கிறார்கள். சீன தேசத்துச் செங்டு நகரில் 1995-ஆம் வருஷம் யின் ஷியூசென் என்னும் பெண்மணி ஒரு காரியம் செய்தார். நகரத்து ஆற்றின் அழுக்கு நீரை எடுத்துப் பாளம் பாளமாக உறைய வைத்து, ஆற்றங்கரையிலேயே சுவர் போல் அடுக்கினார். பக்கத்தில் நல்ல தண்ணீரும் தேய்ப்பதற்குப் பிரஷ்களும் வைத்தார். வழிப்போக்கர்களை அழைத்து, "ஆற்றைக் கழுவுங்கள்" என்றார். ஜனங்களும் நின்று, பனிக்கட்டி கரையும்வரை தேய்த்தார்கள். கழுவக் கழுவ அழுக்கு மீண்டும் ஆற்றுக்கே போயிற்று! இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கி விளக்க முடியும்?

அந்த வருஷம் செங்டுவில் கலைஞர்களை ஒன்று திரட்டியவர் பெட்ஸி டாமன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1998-ல் அவருடைய யோசனைப்படி அதே ஆற்றங்கரையில் ஏறக்குறைய 6 ஏக்கரில், மீன் வடிவத்தில் ஒரு பூங்கா அமைந்தது. ஆற்று நீர் முதலில் ஒரு குளத்தில் தங்கி வண்டலை விடுகிறது. பிறகு கற்கிண்ணங்களில் சுழன்று காற்றைக் கலந்துகொள்கிறது. நாணலும் நீர்ச் செடிகளும் நிறைந்த பாத்திகளைக் கடந்து, மீன் வாழும் நீராக வெளிவருகிறது.

காற்றுக்கு என்ன அவ்வளவு பெருமை என்றால், சாக்கடையைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் பிராண வாயுவையும் உறிஞ்சிவிடுகின்றன. மீன் மூச்சின்றி மாள்கிறது. அதன் பின்பு பிராண வாயு வேண்டாத உயிர்கள் பெருகுகின்றன. அவை வெளிவிடும் வாயுவைத்தான் 'கூவம் நாற்றம்' என்கிறோம். நாற்றம் நதியினுடையதல்ல, நம்முடையது.

நம் நாட்டிலும் 2011 நவம்பரில் டில்லியில், யமுனைக் கரைப் பூங்கா ஒன்றில் இப்படி ஒரு கலை விழா நடந்தது. ஜிஜி ஸ்கரியா என்ற கலைஞர் அடுக்கு மாடிக் கட்டடம் போல் ஒன்றை எழுப்பி, யமுனை நீரை அதற்குள் ஏற்றிச் சுத்தம் செய்து, உச்சியிலிருந்து ஊற்றாய்ப் பொழிய விட்டார். மாடி வீடுகளின் கழிவு ஆற்றில் இறங்க, ஆற்று நீர் மாடி ஏறியது!

சென்னையில் நடந்ததோ வேறு. மாக்ஸ் முல்லர் பவனின் முயற்சியால் 2018-ல் 'நதிகளைத் தழுவுவோம்' என்ற கருத்தில் ஒரு கண்காட்சி ஏற்பாடாயிற்று. கூவக் கரையில் நிற்க வேண்டிய படைப்புக்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. லலித கலா அகாடமியின் கூடங்களில் வைக்கப்பட்டன. படைப்புக்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கலைக்கூடத்தின் வாசலை மிதிப்பவர் எத்தனை பேர்? கூவத்துப் பாலங்களின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு தினம் போகிறவர் எத்தனை பேர்? பாஸ்கரதாஸின் பாட்டைச் சங்கீத சபைக்குள் பூட்டி வைத்திருந்தால் ராட்டை சுற்றியிருக்குமா?

ஆகவே வைப்பாற்றுக்கு நாம் விரும்புவது மண்டபக் கலை அன்று. கோவில்பட்டிப் பக்கத்துத் தேவராட்டமும் ஒயில் கும்மியும் ஒரு முறையாவது ஆற்று மணலில் நடக்கட்டும். சாத்தூர்ப் பாலத்துத் தூண்களில், பெருவெள்ளம் ஏறிய உயரத்தையும் வருஷத்தையும் குறித்து, அந்த மட்டத்தில் கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் நீந்துவதாய்ச் சித்திரம் தீட்டட்டும். கோடையில் மணலில் நடப்பவன் தலைக்கு மேல் மீனைக் காண்பான். வர்ணத்துக்கு அதிகப் பணம் பிடிக்காது. அனுமதி கோரும் மனுக்களுக்கு ஆகும் காகிதச் செலவுதான் ஒருவேளை அதைத் தாண்டிவிடும்.