காரில் கச்சிதமான பேஸ்: சப்ஊஃபர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டி, ஈரோடு மஞ்சள் மார்க்கெட், பொள்ளாச்சிச் சந்தை என்று வாரத்தில் பல மணி நேரத்தைக் காரிலேயே கழிக்கும் வணிகர்கள் நம்மிடையே ஏராளம். பயண அலுப்புத் தெரியாமல் நல்ல பாட்டுக் கேட்க விரும்புவது இயல்பே. கம்பெனி பொருத்தித் தரும் சிறிய ஸ்பீக்கர்களில் தவில், டிரம் ஓசைக்குப் போதிய அழுத்தம் கிடைப்பதில்லை. அதற்காகச் சப்ஊஃபர் வாங்கப் போனால், டிக்கியையே அடைக்கும் பெரிய பெட்டியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். சரக்கு வைக்கும் இடமும் போய், பாட்டும் 'கொழகொழ'வென்று கேட்டால் என்ன பயன்?

நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஜமாப் அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வோர் அடியும் தனித்தனியாக நெஞ்சில் விழும். கச்சிதமான பேஸ் என்பதும் அதுவே. ஸ்பீக்கரின் கூம்பு சட்டென்று கிளம்பி, சட்டென்று நிற்க வேண்டும். நிற்கத் தாமதமானால் முதல் அடியின் இரைச்சல் அடுத்த அடியின் மேல் ஏறிவிடும். ஆகவே அளவைவிடக் கட்டுப்பாடே முக்கியம்.

மூடிய பெட்டியா, துளைப் பெட்டியா?

காற்றுப் புகாமல் மூடிய பெட்டியில், உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல வேலை செய்து கூம்பை இழுத்துப் பிடிக்கிறது. 1954இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சூர் இந்த முறையை வகுத்தார். சிறிய பெட்டியிலும் தெளிவான பேஸ் கிடைக்க இதுவே வழி காட்டியது.

துளை வைத்த பெட்டியில் அதே வாட்டுக்குச் சத்தம் அதிகம். ஆனால் பெட்டி பெரிதாக வேண்டும். கணக்குப் பிசகினால் ஒலி இழுபடும். மூடிய பெட்டியில் மிகத் தாழ்ந்த ஒலி சற்றுக் குறைந்தாலும், காரின் சிறிய உட்புறம் அதையே தூக்கிக் கொடுப்பதால் குறை பெரிதாகத் தெரியாது.

10 அங்குல ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டி பெரும்பாலும் 17 முதல் 28 லிட்டர் உள்ளளவு போதும். அதாவது 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று முதல் ஒன்றே முக்கால் டின் வரைதான். துளைப் பெட்டியோ இரண்டு, மூன்று டின் இடம் கேட்கும். ஸ்பீக்கருடன் வரும் தாளில் எழுதிய லிட்டர் அளவைப் பார்த்தே பெட்டி செய்யச் சொல்லுங்கள். வேன் வைத்திருப்போர் சீட்டுக்கு அடியில் பொருத்தும் 8 அங்குலத் தட்டை வகையைப் பார்க்கலாம். சத்தம் குறைவு, இடம் மிச்சம்.

வாட் கணக்கு

அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட '1500 வாட்' மூட்டையுடன் சேர்த்த எடை போன்றது. நிகர எடை 'ஆர்.எம்.எஸ். வாட்' என்பதே. அமெரிக்க மின்னணுத் துறையினர் 2003இல் வகுத்த 'சி.இ.ஏ. 2006' முறைப்படி, ஒலிச் சிதைவு 1 சதவீதத்துக்கு மேல் போகாத நிலையில் ஆம்பிளிஃபயரின் திறனை அளக்க வேண்டும். அந்த முறையில் அளந்த எண்ணைக் கேளுங்கள். பாட்டுக் கேட்க 200 முதல் 300 ஆர்.எம்.எஸ். வாட் தாராளம். ஸ்பீக்கரின் ஓம் அளவு ஆம்பிளிஃபயர் தாங்கும் அளவுக்குக் கீழே போகக் கூடாது.

ஒயரில் கலப்படம்

300 வாட் தரும் ஆம்பிளிஃபயர் முழுச் சத்தத்தில் சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரைச் செம்பு என்று விற்பதுண்டு. அதே தடிமனில் அது தாங்கும் மின்சாரம் குறைவு, சூடேறும். நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஃபியூஸ் இல்லாத ஒயர் தகட்டில் உரசித் தேய்ந்தால் காரே தீப்பிடிக்கலாம். ஒயரை வெட்டி இணைத்தால் கார் வாரண்டிக்கு இடையூறு வரலாம். சாக்கெட் மூலம் இணைக்கச் சொல்லுங்கள்.

திருகி வைக்கும் முறை

நல்ல பொருள் வாங்கியும் ஒலி கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

1. சப்ஊஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி மட்டும் போகட்டும். முன் ஸ்பீக்கர்களில் அதற்குக் கீழுள்ளதை நிறுத்தினால் அவையும் தெளிவாகும்.

2. 'கெயின்' என்பது சத்தம் கூட்டும் திருகு அன்று. செட்டையும் ஆம்பிளிஃபயரையும் இசைவிப்பது. ஒலி கரகரக்கும் முன்பே நிறுத்துங்கள். 'பேஸ் பூஸ்ட்' வேண்டாம்.

3. 'ஃபேஸ்' சுவிட்சை இரு நிலையிலும் வைத்து, டிரைவர் சீட்டில் எது அழுத்தமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

4. டிக்கிக் கதவு, நம்பர் பிளேட் அதிர்வதை ரப்பர் ஒட்டி நிறுத்துங்கள். அந்தக் கடகடப்பே பேஸைக் கெடுக்கிறது.

பணம் கொடுக்கும் முன், உங்களுக்குப் பழக்கமான பாட்டு ஒன்றைப் போட்டு, டிக்கியை மூடி, டிரைவர் சீட்டில் அமர்ந்து கேளுங்கள். டிக்கியைத் திறந்து வைத்துக் காட்டும் சத்தத்தை நம்ப வேண்டாம். பில்லும் வாரண்டி அட்டையும் கையில் வாங்காமல் புறப்படாதீர்கள். சாலையில் பின்னால் வரும் ஹாரன் காதில் விழும் அளவுக்கே சத்தம் வையுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. விடியுமுன் மண்டிக்குப் புறப்படுவோர் தெருவைத் தாண்டும் வரையிலாவது சத்தத்தைக் குறைத்து வைப்பது நல்லது.