கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்... வீட்டைப் புதுப்பிக்க எதற்கெல்லாம் அனுமதி வேண்டும்?

தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய தெருக்களில் மூன்று காலத்து வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தேக்கு உத்தரமும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, தாத்தா மனையில் எழும்பிய மூன்று மாடி ஃப்ளாட், கண்ணாடி பால்கனியோடு நிற்கும் புதிய அடுக்குமாடி. இந்த மூன்றிலும் இப்போது அடிக்கடி கேட்கும் வார்த்தை ‘ரெனோவேஷன்’. பிள்ளைக்குக் கல்யாணம், அம்மாவுக்கு முட்டிவலி, வாடகைக்கு விட வேண்டும் என்று காரணங்கள் பல. ஆனால், இன்டீரியர் நிறுவனம் நீட்டும் கொட்டேஷனில் இருக்கும் பாதி வார்த்தைகள் பலருக்குப் புரிவதில்லை. ‘மொத்தம் எவ்வளவு?’ என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அந்த வார்த்தைகளுக்குள்தான் அனுமதி, அபராதம், சில நேரங்களில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இது வெறும் அலங்காரமா? கட்டடத்தின் பாரம் தாங்கும் பகுதியைத் தொடுகிறதா? கட்டடத்தின் அளவையோ பயன்பாட்டையோ மாற்றுகிறதா?

அலங்காரம்: அனுமதி வேண்டாம், கவனம் வேண்டும்

பெயின்ட், பட்டி பார்ப்பது, ஃபால்ஸ் சீலிங், வார்ட்ரோப், மாடுலர் கிச்சன், பழைய டைல்ஸை எடுத்துவிட்டுப் புது டைல்ஸ் பதிப்பது போன்ற உள்வேலைகளுக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. இங்கே ஏமாறக்கூடியது பணத்தில்தான்.

கிச்சன் கொட்டேஷனில் ‘கார்கஸ்’ என்றால் அலமாரியின் உள்பெட்டி. ‘ஷட்டர்’ என்றால் வெளியே தெரியும் கதவு. ‘லேமினேட்’, ‘அக்ரிலிக்’, ‘வெனீர்’ எல்லாம் மேலே ஒட்டும் பூச்சு வகைகள். கண்ணுக்குத் தெரிவது ஷட்டர், உழைப்பது கார்கஸ். ஷட்டரின் பளபளப்பைக் காட்டிவிட்டு, கார்கஸை எம்.டி.எஃப். பலகையில் செய்து தந்தால், சிங்க்குக்குக் கீழே தண்ணீர் பட்டதும் உப்பிவிடும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 தர பி.டபிள்யூ.பி. ப்ளைவுட் நல்லது. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் தரம் அது. வெறும் ‘வாட்டர்ப்ரூஃப் ப்ளை’ என்று எழுதியிருந்தால், எந்த ஐ.எஸ். எண் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எடை: அலங்காரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

‘டைல் ஓவர் டைல்’ என்றால், பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புதியதைப் பதிப்பது. சத்தம் குறைவு, தூசி குறைவு. மெல்லிய டைல்ஸை அதற்கான பசையால் ஒட்டினால் பெரிய சிக்கல் இல்லை. கிரானைட் என்றால் கணக்கு வேறு.

வீடுகளின் தளத்தை வடிவமைக்கும்போது ஆட்கள், மேஜை, நாற்காலி போன்றவற்றுக்காக சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கில் எடுத்துக்கொள்வது இந்தியத் தர நிர்ணய முறை. 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ. அதற்கு அடியில் 5 செ.மீ. கலவை போட்டால் இன்னும் 100 கிலோ. ஆக, ஆள் நடமாடும் முன்பே தளத்தின் மேல் 150 கிலோ புதிதாக ஏறிவிடுகிறது. ஹாலைப் பிரிக்க நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால், பத்தடி உயரத்துக்கு ஒவ்வொரு மீட்டர் நீளமும் 600 கிலோவைத் தாண்டும். அதே இடத்தில் ஜிப்சம் போர்டு தடுப்பு மிக லேசானது.

பாரம் தாங்கும் பகுதி: இன்ஜினீயர் இல்லாமல் தொடாதீர்கள்

‘ஓப்பன் கிச்சன்’ கேட்காத வீடு இப்போது குறைவு. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கும் சுவரை எடுத்துவிடுவதுதான் அது. அந்தச் சுவர் எந்த வகை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பில்லர், பீம் போட்டுக் கட்டிய ஃப்ளாட்டில் பாரம் பில்லர் வழியாக இறங்கும். நடுச்சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான். மெட்ராஸ் டெரஸ் வீட்டில் பில்லரே கிடையாது. தேக்கு உத்தரங்கள் உட்கார்ந்திருப்பது சுவரின் மேல். அதுதான் ‘லோட் பேரிங் சுவர்’. அதை எடுத்தால் கூரைக்குத் தாங்கல் இல்லை. பழைய மாடி ஃப்ளாட்டுகள் சிலவும் இப்படிச் சுவரின் பலத்திலேயே கட்டப்பட்டவை. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால், தடிமனை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒயரிங்குக்காகப் பீமிலும் பில்லரிலும் ‘காடி’ வெட்டுவது, ஏ.சி. பைப்புக்காகப் பீமில் ஓட்டை போடுவது, பாத்ரூமை இடம் மாற்றுவது ஆகியவையும் இந்த வகைதான். பாத்ரூமுக்குக் கீழே தளத்தைத் தாழ்த்திக் கட்டியிருப்பார்கள். ‘சங்கன் ஸ்லாப்’ என்பது அதுதான். தாழ்த்தாத இடத்தில் புது பாத்ரூம் வந்தால் தரையை உயர்த்த வேண்டும், எடை கூடும். கசிந்தால் கீழ்வீட்டுப் படுக்கையறையில் சொட்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 பிப்ரவரி 10 அன்று, டெல்லியை அடுத்த குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைஸோ குடியிருப்பின் ஆறாவது மாடி வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. தளம் இடிந்து, கீழே இருந்த வீடுகளின் தளங்களையும் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு முதல் மாடி வரை விழுந்தது. இரண்டு பெண்கள் உயிரிழந்தனர். பிறகு ஐ.ஐ.டி. டெல்லி செய்த ஆய்வில், கான்கிரீட்டில் இருந்த குளோரைடால் கம்பிகள் துருப்பிடித்திருந்தது தெரியவந்தது. ஏற்கெனவே பலவீனமான கட்டடம் எது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இந்தியாவில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள 1972-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். ‘இன்டீரியர் டிசைனர்’ என்று போட்டுக்கொள்ள அப்படி எந்தப் பதிவும் கட்டாயமில்லை. எனவே சுவர், பீம், தளம் சம்பந்தப்பட்ட வேலைக்கு, பதிவுபெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். அடுக்குமாடியில் பில்லர், வெளிச்சுவர், மொட்டைமாடி, பைப் போகும் சந்து எல்லாம் பொதுச்சொத்து. அவற்றைத் தொடுவதற்கு முன் சங்கத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

அளவும் பயன்பாடும்: இங்கே அனுமதி கட்டாயம்

மாடியில் ஓர் அறை கூட்டுவது, பால்கனியை அடைத்து அறையாக்குவது, பக்கவாட்டுக் காலியிடத்தில் ஷெட் போட்டுச் சமையலறையை நீட்டுவது, கார் நிறுத்தும் இடத்தைக் கடையாக்குவது. இவற்றுக்கெல்லாம் 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு வார்த்தைகள். ‘செட்பேக்’ என்பது மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம். ‘எஃப்.எஸ்.ஐ.’ என்பது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. உயரமில்லாத கட்டடங்களுக்குப் பொதுவாக இது 2. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லா மாடிகளும் சேர்த்து 2,400 சதுர அடி வரை. ஏற்கெனவே அந்த அளவைத் தொட்டுவிட்ட வீட்டில் ஒரு அறை கூட்டினாலும் விதிமீறல்தான். நோட்டீஸ், சீல், இடிப்பு வரை போகலாம். விற்கும்போதும் வங்கிக் கடன் கேட்கும்போதும் இதே பிரச்னை திரும்ப வரும்.

2024 ஜூலையில் தமிழக அரசு அறிமுகப்படுத்திய சுயசான்று முறையைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ கொண்ட வீடு கட்டுவதற்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கும். அதற்கு அனுமதியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சான்று தவறாக இருந்தால் பொறுப்பு உங்களுடையது.

வீட்டுக்குள் சின்ன லிஃப்ட் வைப்பதற்கும் அரசின் மின் ஆய்வுத் துறை அனுமதியும் உரிமமும் வேண்டும். கூடுதலாக ஏ.சி. போட்டால் மின்வாரியத்தில் லோடு உயர்த்த விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். முற்றத்துக்கு டைல்ஸ் போடும்போது அந்தக் குழியை மூடிவிடாதீர்கள்.

இடிப்பும் இரைச்சலும்

2023 ஜனவரி 27 அன்று, ஆயிரம்விளக்கு பகுதியில் அண்ணா சாலையை ஒட்டிய பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தபோது சுவர் நடைபாதையில் சரிந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் இளம்பெண் இறந்தார். அந்த இடமும் தேனாம்பேட்டை மண்டலத்தில்தான் இருக்கிறது. கட்டடத்தை இடிக்க மாநகராட்சியில் தனி அனுமதி வாங்க வேண்டும். தெருப்பக்கம் மறைப்பும் தடுப்பும் போடுவது இடிப்பவரின் கடமை.

குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் கட்டுமான மிஷின்களை இயக்க மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் தடை செய்கின்றன. உடைத்த செங்கல், டைல்ஸைத் தெருமுனையில் கொட்டினால் அபராதம். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. மாநகராட்சியின் 1913 எண்ணில் அழைத்து, அகற்றும் முறையைக் கேட்டுக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும் முன்

* வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்து, இப்போதைய வீட்டோடு ஒப்பிடுங்கள்.
* கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் பிராண்டு, தடிமன், ஐ.எஸ். எண் இருக்கிறதா, விலை ஜி.எஸ்.டி. சேர்த்ததா என்று பாருங்கள்.
* ‘உடைப்பு’ என்று எழுதியிருந்தால் எந்தச் சுவர் என்று வரைபடத்தில் குறித்து வாங்குங்கள்.
* அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, கழிவை அகற்றும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.
* முழுப்பணத்தையும் முன்னதாகத் தராமல், வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள்.

‘பக்கத்து வீட்டில் செய்தார்களே, அவர்கள் அனுமதி எதுவும் வாங்கவில்லையே’ என்று மேஸ்திரி சொல்லலாம். பக்கத்து வீட்டில் எடுத்தது தடுப்புச் சுவராக இருந்திருக்கலாம். உங்கள் வீட்டில் இருப்பது எது என்பதை இன்ஜினீயர் பார்த்துச் சொன்ன பிறகு சுத்தியலை எடுக்கச் சொல்லுங்கள்.