பழைய பீரோ வாங்கப் போகிறீர்களா? முதுகைப் பாருங்கள்!

ஆம்பூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். கணவன், மனைவி இருவருக்கும் ஷூ கம்பெனியில் வேலை. மகளுக்குத் திருமணம் நிச்சயமாகி இருக்கிறது. சீர் வரிசையில் பீரோ வைக்க வேண்டும். கையில் பணம் குறைவு.

வீட்டின் கூடத்தில் பாட்டி காலத்து மர பீரோ ஒன்று நிற்கிறது. நிறம் கறுத்து விட்டது. ஒரு கதவு சரியாக மூடவில்லை. பழைய சாமான் வியாபாரி வந்து பார்க்கிறார். "விறகு விலைக்கு எடுத்துக் கொள்கிறேன்" என்கிறார். கொடுத்து விடலாமா?

வேலூரில் இன்னொரு குடும்பம். அவர்கள் கடையில் ஒரு பழைய அலமாரியைப் பார்க்கிறார்கள். கண்ணாடி போலப் பளபளக்கிறது. "நூறு வருஷத்துப் பர்மா தேக்கு!" என்கிறார் கடைக்காரர். வாங்கி விடலாமா?

இரண்டு குடும்பத்துக்கும் பதில் ஒன்றுதான். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதுகைப் பாருங்கள்!

எங்கிருந்து வந்தது?

"அலமாரி" என்பது போர்த்துக்கீசியர் மொழியிலிருந்து வந்த சொல். "சாவி"யும் அப்படியே. "பீரோ" பிரெஞ்சுச் சொல். அதற்கு முன்பு நம் வீடுகளில் மரப்பெட்டி இருந்தது. நெல்லுக்குப் பத்தாயம் இருந்தது. சுவரில் மாடம் இருந்தது.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் தொழில் செய்தார்கள். அங்கிருந்து தேக்கைக் கொண்டு வந்து வீடு கட்டினார்கள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் குலைந்தது. பிறகு பாகப்பிரிவினையில் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. தூணும் கதவும் பெட்டியும் விலைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் பெருகிய கதை இதுதான்.

ஆனால் பழைய பீரோ எல்லாம் பர்மா தேக்கு ஆகி விடாது! பலா, வேம்பு, பூவரசு ஆகியவற்றிலும் நம் தச்சர்கள் பீரோ செய்தார்கள். அவையும் நல்ல மரங்களே. பலா விலையைக் கொடுத்துப் பலாவை வாங்கினால் நஷ்டம் இல்லை. தேக்கு விலையைக் கொடுத்துப் பலாவை வாங்கினால்தான் நஷ்டம்.

வைரம் பாய்ந்ததா?

மரத்தின் நடுப்பகுதி கருமையாகவும் கெட்டியாகவும் இருக்கும். அதுதான் வைரம். பட்டையை ஒட்டிய பகுதி வெளுப்பாக இருக்கும். அது வெளிறு. தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. அதே தேக்கின் வெளிறை அரித்துத் தள்ளி விடும். ஆகவே "தேக்குதானா?" என்று கேட்டால் மட்டும் போதாது. "வைரம் பாய்ந்த தேக்கா?" என்று பார்க்க வேண்டும்.

வெளிப்பக்கம் மெருகு போட்டிருப்பார்கள். நிறத்தை நம்ப முடியாது. இழுப்பறையை முழுவதும் வெளியே எடுங்கள். அதன் அடிப்பலகையைப் பாருங்கள். அங்கே யாரும் மெருகு போடுவதில்லை. மரம் தன் சொந்த நிறத்தைக் காட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. தேக்கைப் புதிதாக இழைத்தால் தோலின் வாசனை போல ஒரு மணம் வரும். தோல் தொழிலில் ஊறிய ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

பலகையின் ஓரத்தையும் பாருங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்திலும் தொடர்ந்தால் அது முழு மரம். ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது பிளைவுட். பின்பலகையை மட்டும் பின்னாளில் பிளைவுட்டாக மாற்றியிருக்கலாம். அது குற்றம் ஆகாது. ஆனால் விலை குறைய வேண்டும்.

மூட்டு உண்மை சொல்லும்

நல்ல தச்சர் ஆணியை நம்ப மாட்டார். ஒரு கட்டையில் துளை போட்டு, மற்றொன்றில் கழுந்து செதுக்கி இரண்டையும் பொருத்துவார். இழுப்பறையின் மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். கையால் செய்தது என்றால் பற்கள் ஒரே அளவில் இராது. எல்லாம் அச்சடித்தாற்போல இருந்தால் அது இயந்திர வேலை.

திருகு ஆணியின் தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளம் இருக்கிறதா? அந்த வகைத் திருகு 1930-களில்தான் வந்தது. ஒன்றிரண்டு இருந்தால் பழுது பார்த்திருப்பார்கள். எல்லாமே அப்படி இருந்தால் "நூறு வருஷம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

கதவின் நடுப்பலகையை மெல்ல அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினால் பயப்படாதீர்கள். கோடையில் மரம் சுருங்கும், மழையில் விரியும். அதற்காகவே சட்டத்தின் பள்ளத்தில் பலகையை ஒட்டாமல் செருகுவார்கள். ஆட்டத்தை நிறுத்த ஆணி அடித்தால், வேலூர் வெயிலில் பலகை பிளந்து விடும்!

மாவு கொட்டுகிறதா?

மரத்தில் சிறு துளைகள் இருந்தால் அடியில் கறுப்புத் துணியை விரியுங்கள். சில நாள் கழித்துப் பாருங்கள். மாவு கொட்டியிருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. அந்த பீரோவை வீட்டுக்குள் கொண்டு வந்தால் மற்ற மரச் சாமான்களுக்கும் பரவும். மாவு இல்லாமல், துளையின் ஓரம் கறுத்திருந்தால் பெரும்பாலும் அது பழைய காயம்.

வெள்ளமும் உப்பும்

பாலாற்றுக் கரையில் வாங்குகிறவர்கள் கால்களை மறக்கக் கூடாது. 1903 நவம்பர் மாதம் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டு போயிற்று. 2021 நவம்பரிலும் பாலாறு கரை புரண்டது. தண்ணீரில் நின்ற பீரோவின் காலில் கறைக் கோடு இருக்கும். பீரோவைச் சாய்த்து, காலின் அடியை ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி எளிதாக இறங்கினால் மரம் இற்று விட்டது.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுவது வழக்கம். தோல் மண்டியில் நெடுநாள் நின்ற பீரோவில் அந்த உப்பு ஏறியிருக்கலாம். மழை நாளில் அது ஈரத்தை இழுக்கும். கீலும் ஆணியும் துருப்பிடிக்கும். எங்கே இருந்த பீரோ என்று கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகள் ஜாக்கிரதை!

பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வர்ணத்தை உலர்ந்தபடி சுரண்டக் கூடாது. ஈரப்படுத்தி, வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத நேரத்தில் எடுக்க வேண்டும்.

கனமான பீரோவைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து இறுக்குங்கள். இழுப்பறைகளைப் படியாக்கிக் குழந்தை ஏறினால், பீரோ அப்படியே முன்னால் சாயும். உயிருக்கே ஆபத்து!

இரும்பு பீரோ

கோத்ரெஜ் நிறுவனம் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது 1923-ல். அதன் பிறகு மர பீரோ பல வீடுகளில் பின்கட்டுக்குப் போயிற்று. பழைய இரும்பு பீரோவும் நல்லதே. ஆனால் அடித்தகட்டைத் தடவிப் பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும். பூட்டும் சாவியும் சரியாக இருக்கின்றனவா என்று பத்து முறை திறந்து மூடுங்கள்.

மறுபடியும் ஆம்பூருக்கு வருவோம். அந்த வீட்டார் வியாபாரியைச் சற்று நிற்கச் சொல்கிறார்கள். பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்துகிறார்கள். பின்பலகை முழு மரம். இழுப்பறையில் புறா வால் மூட்டு. கால்கள் கெட்டி. கதவு மூடாததற்குக் காரணம், தேய்ந்து போன ஒரு கீல்!

தச்சருக்கு ஒரு நாள் கூலி, புதுக் கீல், கொஞ்சம் மெருகு. மகளுக்குச் சீர் தயார். கடன் வாங்க வேண்டியதில்லை.

பழசு என்பதற்காகப் பெருமைப்படவும் வேண்டாம். பழசு என்பதற்காகத் தள்ளி விடவும் வேண்டாம். திருப்பிப் பாருங்கள். பிறகு விலை பேசுங்கள்!