மெட்டீரியல்ஸ் இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு வேலை எங்கே? சந்தேகங்களும் விளக்கங்களும்

உலோகவியல் என்று நெடுங்காலமாக அறியப்பட்ட பொறியியல் பிரிவு, இப்போது பல கல்லூரிகளில் ‘மெட்டீரியல்ஸ்’ என்ற சொல்லைத் தாங்கி வருகிறது. பட்டச் சான்றிதழில் ஒரு பெயரும் வேலை அறிவிப்பில் வேறு பெயரும் இருப்பதால், புதிதாகப் படித்து முடித்தவர்களும் பெற்றோரும் குழம்புகின்றனர். பரவலாக எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் வருமாறு:

உலோகவியலும் மெட்டீரியல்ஸ் இன்ஜினீயரிங்கும் ஒன்றா?

அடித்தளம் ஒன்று, பரப்பு வேறு. உலோகவியல் இரும்பு, அலுமினியம், தாமிரம் போன்ற உலோகங்களைப் பிரித்தெடுப்பது, வார்ப்பது, பதப்படுத்துவது பற்றியது. மெட்டீரியல்ஸ் பிரிவில் அவற்றுடன் பீங்கான், பாலிமர், கலப்புப் பொருள்கள், குறைகடத்திகள் ஆகியவையும் பாடமாகின்றன. சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி ஆகியவற்றில் துறையின் பெயரிலேயே இரண்டும் உள்ளன; கோவை பிஎஸ்ஜி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் ‘மெட்டலர்ஜிக்கல்’ என்ற பெயர் தொடர்கிறது.

அறிவிப்பில் ‘மெட்டலர்ஜி’ என்று மட்டும் இருந்தால் மெட்டீரியல்ஸ் பட்டதாரி விண்ணப்பிக்கலாமா?

இதற்குப் பொதுவான விதி கிடையாது. ஒவ்வோர் அறிவிப்பிலும் உள்ள தகுதிப் பட்டியலே இறுதியானது. சில நிறுவனங்கள் ஏற்கப்படும் பட்டப் பெயர்களைத் தனித்தனியே அச்சிடுகின்றன. அதில் இல்லாத பெயர் பாடத்திட்டம் ஒன்றாக இருந்தாலும் நிராகரிக்கப்படலாம். தமிழக அரசுப் பணிகளில், டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வெளியாகும் நாளிலோ அதற்கு முன்போ இணைக்கல்வித் தகுதி அரசாணை பிறப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். நல்ல மதிப்பெண் பெற்றவர்களும் இந்த இடத்தில்தான் வாய்ப்பை இழக்கின்றனர் என்பதால், விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் முன்பே இதை உறுதி செய்வது அவசியம்.

தமிழகத்தில் எங்கெங்கு வேலை உள்ளது?

கோவை வட்டார வார்ப்பட ஆலைகள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பகுதிகளின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள், திருச்சி பெல் நிறுவனத்தைச் சுற்றியுள்ள கொதிகலன், வெல்டிங் தொழில்கள் ஆகியவை முக்கியமானவை. செயில் நிறுவனத்தின் சேலம் உருக்காலையும் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் மத்திய அரசு சார்ந்த வாய்ப்புகள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பேட்டரி செல் உற்பத்தியும் தொடங்கியுள்ளது.

வார்ப்பட ஆலையில் பட்டதாரிக்கு என்ன வேலை? கரியிலும் புகையிலும் நிற்பதற்கா நான்கு ஆண்டுப் படிப்பு?

உலையடியில் நிற்பது வேலையின் ஒரு பகுதிதான். முடிவெடுப்பதே அதன் மையம். உருகிய இரும்பிலிருந்து நாணய வடிவில் ஒரு மாதிரி எடுத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் கார்பன், சிலிக்கான், மாங்கனீஸ், கந்தகம், பாஸ்பரஸ் அளவுகள் சில நிமிடங்களில் தெரியும். எதை எவ்வளவு சேர்ப்பது என்று மெட்டலர்ஜிஸ்ட் சொன்ன பிறகே உலோகம் ஊற்றப்படும். எஸ்ஜி அயர்ன் எனப்படும் உருண்டைக் கிராஃபைட் இரும்பில் மக்னீசியம் சேர்த்த பின் சுமார் 10 நிமிடங்களுக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். தாமதித்தால் கிராஃபைட் உருண்டையாகாமல் வார்ப்படம் பலம் இழக்கும். ஒரு காரின் சக்கர அச்சைத் தாங்கும் பாகம் சாலையில் உடையாமல் இருப்பது அந்த நிமிடங்களைச் சார்ந்தது.

பொதுத்துறை உருக்கு நிறுவனங்களில் சம்பளம் எவ்வளவு?

செயில் நிறுவனத்தின் அண்மை அறிவிப்புகளின்படி, தொழில்நுட்ப மேலாண்மைப் பயிற்சியாளருக்கு ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில் அடிப்படை ஊதியம் மாதம் ரூ.50,000. பயிற்சியை முடித்தவர்கள் ரூ.60,000 - 1,80,000 ஊதிய விகிதத்தில் அமர்த்தப்படுவர். பொதுப்பிரிவினர் பொறியியல் பட்டத்தில் 65 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். வயது வரம்பு 28.

அணுசக்தித் துறையில் சேர்வது எப்படி?

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பயிற்சித் திட்டத்தில் உலோகவியல் ஒரு பிரிவாக உள்ளது. 60 சதவீத மதிப்பெண் பெற்றவர்கள் துறையின் ஆன்லைன் தேர்வு அல்லது கேட் மதிப்பெண் வழியாக நேர்காணலுக்குத் தேர்வாகலாம்; பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 26. பயிற்சியில் வெற்றி பெறுவோர் ‘விஞ்ஞான அதிகாரி - சி’ நிலையில், ரூ.56,100 அடிப்படை ஊதியத்தில் நியமிக்கப்படுகின்றனர்.

கேட் தேர்வில் எந்தத் தாளை எழுதுவது?

உலோகவியலுக்கு ‘எம்டி’ என்ற தனித்தாள் உள்ளது. ‘எக்ஸ்இ’ என்ற பொறியியல் அறிவியல் தாளிலும் மெட்டீரியல்ஸ் சயின்ஸை ஒரு பகுதியாகத் தேர்வு செய்யலாம். அதில் கணிதப் பகுதி கட்டாயம். வேலைக்கான அறிவிப்புகள் பெரும்பாலும் ‘எம்டி’ தாளையே குறிப்பிடுவதால், வேலையை நோக்கமாகக் கொண்டவர்களுக்கு அதுவே பாதுகாப்பான தெரிவு.

கேட் தேர்வு எப்போது நடக்கும்? மதிப்பெண் எத்தனை ஆண்டு செல்லும்?

தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கிறது. விண்ணப்பம் முந்தைய ஆண்டு ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பரில் பெறப்படுகிறது. முடிவு வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுகள் மதிப்பெண் செல்லும். மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம்.

மேற்படிப்பில் சேர்ந்தால் வீட்டிலிருந்து பணம் வாங்காமல் சமாளிக்க முடியுமா?

கேட் தகுதியுடன் எம்.டெக். சேருவோருக்கு உரிய நிபந்தனைகளின்படி மாதம் ரூ.12,400 உதவித்தொகை அதிகபட்சம் 24 மாதங்களுக்கு வழங்கப்படுகிறது. மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சித் திட்டங்களில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வாவோருக்கு 2023 ஜனவரி 1 முதல் மாதம் ரூ.37,000 வழங்கப்படுகிறது, வீட்டு வாடகைப்படி தனி. ஆராய்ச்சியில் உண்மையான நாட்டம் உள்ளவர்களுக்கு இரண்டாவது வழி எம்.டெக்.கை விடப் பொருளாதாரச் சுமை குறைந்தது.

சிப் தொழிற்சாலைகளில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குத்தானே வேலை?

சிப் வடிவமைப்பு எலெக்ட்ரானிக்ஸ் துறையைச் சேர்ந்தது. சிப் தயாரிப்பில் மெட்டீரியல்ஸ் பட்டதாரிகளுக்கு நேரடி இடம் உண்டு. சிலிக்கான் வில்லையின் மீது மெல்லிய படலம் படியவைத்தல், குறை கண்டறிதல், பேக்கேஜிங்கில் சாலிடர் இணைப்பு ஏன் விரிசல் விட்டது என ஆராய்தல் ஆகியவை இப்படிப்பின் பாடங்களே. எனினும் ரூ.91,000 கோடியில் குஜராத்தின் தொலேராவிலும், ரூ.27,000 கோடியில் அசாமின் ஜாகிரோடிலும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் அமைக்கும் ஆலைகள், சாணந்தில் மைக்ரான் நிறுவன ஆலை எனப் பெரிய திட்டங்கள் பலவும் வெளிமாநிலங்களில் உள்ளன. ஊர் மாறத் தயாராக இருப்பவர்களுக்கே இந்த வாய்ப்பு கைகூடும்.

அரிய கனிமங்கள் பற்றிய அறிவிப்புகளால் வேலை கிடைக்குமா?

மத்திய அரசு 2025 ஜனவரியில் ரூ.16,300 கோடி செலவில் தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்துக்கும், அதே ஆண்டு நவம்பரில் ரூ.7,280 கோடியில் அருமண் நிரந்தரக் காந்த உற்பத்தித் திட்டத்துக்கும் ஒப்புதல் அளித்தது. கனிமத்தைப் பிரித்தல், சுத்திகரித்தல், காந்தமாக்கல் மூன்றும் உலோகவியல் வேலைகள். ஆலைகள் எழுந்து ஆள் எடுக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், இந்த ஆண்டு பட்டம் பெறுவோர் இதை மட்டுமே நம்பிக் காத்திருப்பது சரியல்ல.

தனியார் நிறுவனம் ஆண்டுக்கு ரூ.4.2 லட்சம் ‘சிடிசி’ என்றால் மாதம் ரூ.35,000 கைக்கு வருமா?

வராது. அடிப்படை ஊதியம் பாதி, அதாவது ரூ.17,500 என்று கொண்டால், நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 12 சதவீதம் (ரூ.2,100), பணிக்கொடைக்கான 4.81 சதவீதம் (ரூ.842) ஆகியவை சிடிசிக்குள் அடங்கும், ஊழியர் பங்காக இன்னொரு ரூ.2,100 பிடிக்கப்படும். எஞ்சுவது ஏறத்தாழ ரூ.29,950, தொழில் வரி, காப்பீடு, உணவகப் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். செயல்திறன் ஊக்கத்தொகையும் சிடிசியில் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதைப் பணி ஆணையில் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு ஆலைப் பணி, இரவு ஷிஃப்ட் உண்டா?

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை அவர்களின் சம்மதத்துடன் பணியமர்த்தலாம். பாதுகாப்பு தொடர்பான நிபந்தனைகளை நிறைவேற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. சம்மதம் கேட்கப்படாமல் இரவுப் பணி ஒதுக்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

படிப்புடன் வேறு சான்றிதழ் ஏதேனும் பெறுவது பயன்படுமா?

பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் ‘என்டிடி’ பயிற்சி, கொதிகலன், எண்ணெய்க் குழாய், வெல்டிங் ஆய்வு வேலைகளில் நேரடியாகப் பயன்படுகிறது. இதில் மூன்று நிலைகள் உள்ளன. சோதனை முடிவைத் தானே மதிப்பிடும் அதிகாரம் இரண்டாம் நிலையிலிருந்துதான் வருகிறது. இதற்கான இந்தியச் சங்கத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது.

வெளிநாட்டில் மேற்படிப்பு என்றால் என்ன செலவு?

பலரும் நாடும் ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோ முடக்கக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள அளவு. இந்திய மாணவர்கள் ‘ஏபிஎஸ்’ என்ற ஆவணச் சரிபார்ப்புச் சான்றிதழையும் பெற வேண்டும். படிப்பு முடிந்த பின் வேலை தேட 18 மாதங்கள் வரை தங்க அனுமதி உண்டு.

மதிப்பெண் ‘சிஜிபிஏ’ முறையில் இருந்தால் 65 சதவீதம் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் மாற்று விதியே ஏற்கப்படும். 10-ஆல் பெருக்குவது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தாது. மாற்றுச் சான்றிதழை நேர்காணலின்போது கேட்பது வழக்கம். விண்ணப்பத்தில் குறிப்பிட்ட சதவீதமும் சான்றிதழில் உள்ளதும் வேறுபட்டால் தேர்வு ரத்தாகலாம் என்பதால், இறுதிப் பருவ முடிவு வந்ததும் அதைப் பெற்று வைத்துக்கொள்வது நல்லது.